மாப்ள தூக்கியாச்சு

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, பிள்ளைகள் இருவரும் சௌக்கியம். அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது? வெயிலில் உரிந்த முகத்தில் புதுத்தோல் வந்துவிட்டதா? காது பழையபடி கேட்கிறதா?

போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இவ்வளவு நீளமாக எழுதியதே இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்காதே.

நடந்தது நடந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்த மனுஷன் உயிரோடு திரும்பி வந்தாரே, அதை நினைத்துச் சந்தோஷப்படு. அன்று படகை ஓட்டியவன் என்று துறைமுக அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். மிதவை எதுவும் என் கண்ணில் படவில்லை என்றேன். அதற்காக வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு, கடலே இல்லாத ஊரில் போய் உட்கார வேண்டுமா? முதலாளிகூட வருத்தப்பட்டார். டைவ் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற கைடு, இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரே என்றார்.

மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே தோல் வந்துவிட்டது. காதும் கேட்கிறது. தூக்கம்தான் அவரிடம் திரும்பி வரவில்லை.

எனக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. அவர் வீட்டில் இருக்கிறார். வேறு எங்கே இருப்பார்?

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன் என்கிறாய். விதி உனக்குத் தெரியாததா? இங்கே இருக்கிறேன் என்று கைடு மிதவையைத் தூக்கிய பிறகும் படகு அவரை விட்டுவிட்டுப் போனால் படகோட்டியின் லைசென்ஸ் போகும். கைடு மிதவையே தூக்கவில்லை என்றால் கைடின் லைசென்ஸ் போகும். நீ வாயைத் திறந்தாய், போனது அவருடையது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் மிதவை தூக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு மிதவை தூக்கத் தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னும் கடைசி விசாரணை பாக்கி இருக்கிறது என்பதால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆரஞ்சு நிற மிதவைக் குழலைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். அதில் காற்றை நிரப்பி, சோப்புத் தண்ணீர் தடவி, எங்காவது நுரை பொங்குகிறதா என்று தையல் தையலாகப் பார்க்கிறார். எங்கும் பொங்கவில்லை. "பாரு, நல்லாத்தானே இருக்கு?" என்று என்னிடம் காட்டுகிறார். பிறகு சுருட்டி வைக்கிறார். மறுநாள் மறுபடியும் எடுக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நேராகக் கேட்கிறேன். அந்தக் குழல் மேலே எழுந்ததா இல்லையா? உனக்குத் தெரிந்ததை எழுது.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி


மே 20

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அண்ணிக்கு ஒத்தடம் கேட்டது. சின்னவளுக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது, அத்தையிடம் சொல்லச் சொன்னாள்.

உனக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் நீ டிக்கெட் கிழிப்பதற்குப் பதிலாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்க வேண்டும். சின்ன வயசிலேயே அப்படித்தான். பிஸ்கட் டப்பா காலியாக இருந்தால் என்னைக் கூண்டில் ஏற்றிவிடுவாய்.

படகுக்குப் புது விசிறி போட்டிருக்கிறோம், சத்தம் குறைந்திருக்கிறது. இன்னொரு படகை ஓட்டிய நம்ம ரேடியோ வேலையை விட்டுவிட்டார். ஓயாமல் பேசி ரேடியோ என்று பேர் வாங்கிய ஆள் போனதில் துறையே அமைதியாகக் கிடக்கிறது. முதலாளியே அவருக்கு வேறு எங்கேயோ நல்ல இடம் பார்த்துக் கொடுத்தார் என்று கேள்வி.

நீ கேட்டதற்கு என்ன சொல்வது? அன்று அலை கிடந்த கிடையில் ஆள் உயரக் குழல் ஒன்று தூரத்தில் நின்றால் தெரியுமா, நீயே சொல். ஒருவேளை குழலில் கட்டிய நூல் ரீல் சிக்கியிருக்கலாம், குழல் பாதியிலேயே நின்றிருக்கலாம். மாப்பிள்ளை ரீல் விட்டேன் என்கிறார். கடலுக்கு அடியில் விட்ட ரீலை யார் பார்த்தது? கோபிக்காதே, சும்மா விளையாட்டுக்கு எழுதினேன்.

மாப்பிள்ளையைக் காலையில் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்.

அண்ணன்


ஜூன் 2

அண்ணனுக்கு,

சின்னவளின் பல்லுக்கு என் வாழ்த்து. நாங்கள் இருக்கிறோம்.

உன் விளையாட்டு எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. அவரிடம் உன் கடிதத்தைக் காட்டவும் இல்லை. அன்று நடந்ததை அவர் என்னிடம் சொன்னபடி எழுதுகிறேன். அலுவலகத்தில் யாரும் இதை முழுக்கக் கேட்கவில்லை. நீயாவது கேள்.

நீரோட்டம் நினைத்ததைவிட வேகமாக இருந்தது. அவரோடு இறங்கிய கெஸ்ட் மூன்று பேர். பந்து மிதவையின் கயிறு அவர் கையில். நீரோட்டம் அவர்களை எங்கே கொண்டுபோனாலும் அந்தப் பந்து தலைக்கு மேலே கூடவே போகும், பந்தின் பின்னால் உன் படகு போகும், அதுதானே ஏற்பாடு? பாதி வழியில் திரும்பினால் ஒருவரைக் காணவில்லை. உடனே பந்துக் கயிற்றை மற்ற இருவரின் கையில் கொடுத்து, இதைப் பிடித்தபடியே மேலே போங்கள் என்று சைகை காட்டிவிட்டு, காணாமல் போனவரைத் தேடிப் போனார். தன்னிடம் இருந்த மிதவையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், கவனி. காணாமல் போனவரோ அதற்குள் தானாக மேலே போய், ரேடியோவின் படகில் ஏறி, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அது தண்ணீருக்கு அடியில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

டேங்கில் காற்று குறைந்ததும் தேடுவதை விட்டார். பையிலிருந்து குழலை எடுத்துக் காற்று நிரப்பி மேலே அனுப்பினார். ரீல் கையில்தான் இருந்தது, இடுப்பில் மாட்டவில்லை. மாட்டியிருந்து சிக்கினால் குழல் ஆளையும் சேர்த்து மேலே பிடுங்கிக்கொண்டு போகும், நுரையீரல் கிழியும் என்று நமக்கெல்லாம் சொன்னதே அவர்தான். ரீல் சிக்கவில்லை. நூல் பிடித்து மெதுவாக அவரும் மேலே வந்தார். குழல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. உன் படகின் பச்சைக் கூரை திரும்புவது தெரிந்தது. அதுவும் வேறு பக்கமாக.

"மச்சான் தலைய எண்ணிப் பாப்பாரு, ஆள் குறையும், திரும்பி வந்துடுவாரு" என்று நினைத்தாராம். சூரியன் இறங்கும்வரை குழலை இரண்டு கையாலும் நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் காலையில் மீன்பிடிப் படகுக்காரர்கள் பார்த்ததும் அந்தக் குழலைத்தான். எழாத குழலை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? காலையில் தூக்கியிருப்பார் என்று எழுதி அலுவலகத்தில் அதையும் தள்ளிவிட்டார்கள்.

ரீல் விட்டவர் அவர் ஒருவர்தானா, அண்ணே?

அண்ணியிடம் விசாரித்ததாகச் சொல்.

தங்கச்சி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. சீசன் நேரம், படகை விட்டு இறங்க முடியவில்லை. நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். உன் கடிதத்தைப் படித்தேன். திரும்பவும் படித்தேன்.

கடைசி விசாரணை அக்டோபரில் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கும் கடிதம் வரும். முதலாளி ஒரு யோசனை சொன்னார். மிதவை தூக்கத் தாமதமாகிவிட்டது என்று மாப்பிள்ளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பெரிய தண்டனை இல்லையாம். ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். என்னுடையது அப்படி இல்லை. போனால் போனதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் எதையும் கேட்கவில்லை. நீ யோசித்துப் பார் என்றுதான் சொல்கிறேன். மாப்பிள்ளை நீ சொன்னால் கேட்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அப்படி எழுத இன்றைக்குத்தான் மனம் வந்திருக்கிறது. நீ, அண்ணி, பிள்ளைகள் நலமா?

யார் வந்திருந்தார் தெரியுமா? ரேடியோ. இந்த ஊரில்தான் வேன் ஓட்டுகிறார். நீச்சல் குளத்துக்குக் குளோரின் டிரம் கொண்டுவந்தவர் டிக்கெட் ஜன்னலில் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ரேடியோ பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. பிறகு வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று வயர்லெஸ்ஸில் உன்னிடம் சொன்னதைச் சொன்னார்.

"வேற ஒண்ணும் இல்ல தங்கச்சி. கெஸ்ட் எல்லாரும் நம்மகிட்ட, மாப்ள தூக்கியாச்சுன்னேன். நான் என் கண்ணால பாத்தேன், தூரத்துல ஆரஞ்சு குழல் நிக்குது. என் படகுல எடமில்ல. மாப்ள மிதவையத் தூக்கிட்டாரு, போய் ஏத்திக்கங்கன்னு அர்த்தம். அண்ணன் சரின்னாரு. படகத் திருப்புனாரு. ஏத்திக்கத்தான் போறாருன்னு நெனச்சு நான் கெளம்பிட்டேன்."

அண்ணே, நான் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தேன். நம் துறையில் எதைத்தான் தூக்குவதில்லை? மிதவையைத் தூக்குகிறோம், நங்கூரத்தைத் தூக்குகிறோம், ஆளையும் தண்ணீரிலிருந்து தூக்குகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே தூக்கியாச்சு. மாப்பிள்ளை குழலைத் தூக்கிவிட்டார் என்று அவர் சொன்னார். மாப்பிள்ளையைத் தூக்கிப் படகில் போட்டாயிற்று என்று உன் காதில் விழுந்திருக்கிறது. அந்த இரைச்சலில் என் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

நீ வேண்டுமென்றே விட்டுவிட்டு வரவில்லை. அது போதும் எனக்கு. இத்தனை மாதமாக என் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோயிருந்தேன்.

ரேடியோ விசாரணையில் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டாராம். அப்படிச் சொல்லச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. இப்போது வந்து சொல்லவும் பயப்படுகிறார், இந்த வேலை முதலாளி வாங்கிக் கொடுத்ததாம். அவர் வேண்டாம். நீயே சொல். காதில் தப்பாக விழுந்தது என்று அதிகாரியிடம் நீ சொல். அதற்காகத் தலையையா வாங்கிவிடுவார்கள்? லைசென்ஸ் போனாலும் நாங்கள் இல்லையா? இரண்டு வீடும் ஒரே அடுப்பில் சாப்பிடுவோம். என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார்.

சீக்கிரம் பதில் போடு. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அன்புத் தங்கச்சி


செப்டம்பர் 16

தங்கச்சிக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலமாக இருங்கள்.

ரேடியோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நீ சிரித்தாயாம், அழுதாயாம். அந்த ஆள் ஒன்றை ஒன்பதாகச் சொல்வார் என்று தெரியாதா? சொன்னார், சொல்லவில்லை, எனக்கு ஞாபகமில்லை. காதில் விழுந்ததற்கெல்லாம் யார் சாட்சி?

லைசென்ஸ் போனாலும் நாங்கள் இல்லையா என்று சுலபமாக எழுதிவிட்டாய். நீ டிக்கெட் கிழித்து எத்தனை பேருக்குச் சோறு போடுவாய்?

ஏதோ நான் கல்நெஞ்சக்காரன் மாதிரி எழுதுகிறாய். அன்று கரைக்கு வந்து, ரேடியோ படகில் மாப்பிள்ளையைக் காணாமல் நான் என்ன பாடு பட்டேன் என்று உனக்குத் தெரியுமா? யாரிடமும் மூச்சு விடாமல் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு விடிய விடியத் தேடினேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நான் பட்டது யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை மட்டுமா அன்று கடலில் கிடந்தார்?

மாப்பிள்ளையிடம் நல்லவிதமாகப் பேசு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


செப்டம்பர் 24

அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும்.

யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறாய். இப்போது எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் நீ சொன்னது வேறு. மாப்பிள்ளை ரேடியோ படகில் வந்துவிட்டார் என்று நினைத்தேன், காலையில்தான் விஷயமே தெரியும் என்று சொல்லியிருக்கிறாய். சாயங்காலமே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். துறைமுகத்தில் காவல்படைப் படகுகள் பெரிய விளக்குகளோடு கட்டிக்கிடந்தன. நீ ஒரு குரல் கொடுத்திருந்தால் எல்லாம் கிளம்பியிருக்கும். குரல் கொடுத்தால், ஆளை விட்டுவிட்டு வந்த படகோட்டி யார் என்று கேட்பார்கள். அதனால் ஒரு டார்ச்சோடு தனியாகப் போனாய். கடலில் ஒரு டார்ச்!

அதற்கு முன்னால் எனக்குப் போன் செய்தாய். மாப்பிள்ளை முதலாளியோடு வெளியூர் போயிருக்கிறார், காலையில் வருவார், நீ சாப்பிட்டுத் தூங்கு என்றாய். நீயும் அப்படித்தான் நம்பியிருந்தாய் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் தேடி வந்து ஊரைக் கூட்டிவிடக் கூடாது என்று என்னைத் தூங்கவைத்திருக்கிறாய். நான் தூங்கினேன், அண்ணே. நன்றாகத் தூங்கினேன். அவர் குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தபோது நான் போர்வைக்குள் கிடந்தேன். இதை நான் மன்னிக்க மாட்டேன். உன்னை நினைத்தால் வெறுப்பாக இருக்கிறது.

உன் கடிதத்தை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்று வாங்கிக் கிழித்துப் போட்டார். "அவரே வாயத் தொறந்து சொல்லட்டும். கழுத்தப் புடிச்சு வாங்குற உண்மைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். இன்னும் நீ சொல்லுவாய் என்று நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தாலும், அக்டோபரில் அந்த அறையில் நீயும் அவரும் இருப்பீர்கள். அதிகாரி கேட்பார். அங்கே நீ என்ன சொல்கிறாயோ அதுதான் நீ.

தங்கச்சி


அக்டோபர் 29

என் அருமைத் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் மிகவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். விசாரணை அன்று நீ உள்ளே வராமல் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டாயாமே, வந்திருந்தால் அண்ணியையும் பார்த்திருக்கலாம்.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். வேறு என்ன சொல்ல? "மிதவையை நான் உரிய நேரத்தில் தூக்கவில்லை" என்று ஒரே வரி, கையெழுத்து, முடிந்தது. அதிகாரியே ஆச்சரியப்பட்டார். அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்? உன் அண்ணி கேட்டதும் அழுதுவிட்டாள். உனக்குக் கோபத்தில் எழுதுகிற பழக்கம் உண்டு, அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு நல்ல செய்தி. பயிற்சி வகுப்பை நம் கம்பெனியிலேயே வைத்துக்கொள்ள முதலாளி ஏற்பாடு செய்துவிட்டார். மிதவை தூக்குவது எப்படி என்று புதுப் பையன் ஒருவன் எடுக்கப்போகிறான், மாப்பிள்ளையிடம் படித்தவன்தான். படகு நான்தான் ஓட்டுகிறேன். மாப்பிள்ளை சும்மா வந்து உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போகட்டும். உங்கள் பழைய வீடு காலியாகத்தான் கிடக்கிறது. வந்துவிடுங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அண்ணன்


நவம்பர் 20

அண்ணனுக்கு,

இருக்கிறோம்.

அவர் வகுப்புக்கு வரமாட்டார். லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கே குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குக் கேட்டிருந்தோம். துறைமுக அலுவலகத்தின் உத்தரவை மேலாளர் படித்துப் பார்த்தார். பாதுகாப்பு விதியை மீறியவர் என்று போட்டிருக்கிறது, பிள்ளைகளை எப்படி நம்பி விடுவது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இப்போது தண்ணீரில் குளோரின் கலக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். குளத்துக்குள் இறங்கக் கூடாது, கரையோடு சரி.

ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி வராண்டாவுல மச்சான் என் காலர மடிச்சு விட்டாரு. சாப்டீங்களா மாப்ளன்னு கேட்டாரு. சரி, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு நெனச்சேன். அதிகாரி கேட்டாரு, மிதவையப் பாத்தீங்களா, இல்ல யாராவது சொல்லவாவது சொன்னாங்களான்னு. மச்சான் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இல்லைன்னாரு. அதுக்கப்புறம் அந்த ரூம்ல எனக்கு என்ன வேலை? பேப்பர வாங்கி கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

நீ இதைப் பெருந்தன்மை என்கிறாய். அண்ணி அழுதாள் என்கிறாய். அவர் உனக்காகப் போடவில்லை. பிள்ளைகளுக்காகவும் போடவில்லை. நானும் அவரும் இனிமேல் உன்னிடம் கேட்பதற்கு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்று போட்டார். கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் நீ எனக்கு அண்ணனாக இருந்தாய். திட்டினாலும் அண்ணனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சட்டையை நான் கிழித்து அடுப்பு துடைக்க வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். முதலாளி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். இந்த வீட்டுக்குள் அந்தப் பேச்சு வரக் கூடாது. எப்போதாவது எனக்கு எழுத வேண்டியிருந்தால் தங்கச்சி என்று ஆரம்பிக்காதே. நான் யார் என்று கீழே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மிதவையைத் தூக்கியவரின் மனைவி